முக்கு வீட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

வீடு வாங்கலாமா வேண்டாமா என்று தயவுசெய்து யாரும் என்னிடம் கேட்காதீர்கள். போன மாதம் என் மகன் கேட்டான். தஞ்சாவூரில் புறவழிச்சாலையை ஒட்டி ஒரு வீடு பார்த்திருக்கிறானாம். அறை அறையாக நடந்து வீடியோ எடுத்து அனுப்பி, "பாத்துட்டுச் சொல்லும்மா" என்றான். சமையலறை, பால்கனி, பூஜை அறையைப் படிக்கிற அறையாக மாற்றிக்கொள்ளலாம் என்று அவன் பேசிக்கொண்டே போகும்போது பின்னால் எங்கோ ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். "உன் பொண்டாட்டிக்குப் பிடிச்சா வாங்குடா, என்னை விட்டுடு" என்றேன். அவன் வாங்கிவிட்டான். போன வாரம் பால் காய்ச்சினார்கள், நானும் போய் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்தேன். அந்தக் கதை அதோடு முடிந்தது.

ஆனால் அந்த ஹாரன் மட்டும் போக மாட்டேன் என்கிறது. உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும். அறுபதைத் தாண்டிய பிறகு ராத்திரி சாப்பிட்டது மறந்துவிடுகிறது, பதினோரு வயதில் நடந்தது மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு அதைத் துரத்தித் துரத்தி அலுத்துவிட்டது. நமக்குள்தானே, சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டை வாங்கலாம் என்று முடிவு செய்தது என் தங்கை. அவளுக்கு அப்போது நாலு வயது. ஒரு வார்த்தைகூடப் பேசாமல், தூங்கியே அந்த முடிவைச் செய்தாள். பேருந்துச் சத்தத்தில் அவளால் எப்படித் தூங்க முடிந்தது என்பது எனக்குத் தெரியும். அவளுக்குக் காது கேட்கவில்லை. அது எனக்குத் தெரிந்த அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் வீடு போயிருக்கும். நான் சொல்லவில்லை.

அப்பா குத்தாலத்தில் மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். சர்ச்சை நாங்கள் கோயில் என்போம். அந்தக் கோயிலுக்குப் பின்னால், புளியமரங்களுக்கு நடுவில், ஆசிரியர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. ஓட்டுக்கூரை, இரண்டு அறை. அங்கே சத்தம் என்றால் கோயில் மணியும் அணிலும்தான். அந்த வரிசையை இடித்துவிட்டு மாணவர் விடுதி கட்டப்போவதாகவும் ஜூன் மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் அந்த வருஷக் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு போதகர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற வாத்தியார்கள் வாடகைக்கு வீடு தேடினார்கள். அப்பா மட்டும் சொந்த வீடுதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதற்குக் காரணம் உண்டு. அப்பாவின் அப்பா ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். குடிசை மிராசுதாரின் மனையில் இருந்தது. ஏதோ ஒரு அறுப்பில் கூலி அளக்கும்போது வாய் வார்த்தை தடித்துப்போய், பொழுது சாய்வதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். கூரையைப் பிரித்து மூங்கிலைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். ஏழு வயது அப்பாவின் கையில் அம்மிக்குழவியைக் கொடுத்திருந்தார்கள். மூன்று மைல் அதைச் சுமந்துகொண்டு நடந்ததில் முழங்கைக்குக் கீழே கன்னிப்போன இடத்தை அப்பா எங்களுக்குக் காட்டுவார். அங்கே ஒன்றும் தெரியாது, வெறும் கைதான். நாங்கள் தடவிப் பார்ப்போம்.

"என் பேர்ல ஒரு பட்டா வேணும்" என்பார் அப்பா. "செத்தா என் வாசல்லேருந்து தூக்கிட்டுப் போகணும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

முதலில் உள் தெருக்களில்தான் தேடினார். அம்மாவுக்கு அமைதியான இடம் வேண்டும். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். வீட்டுக்காரர் நல்ல மனிதர்போல்தான் இருந்தார். எனக்கு முறுக்குக்கூடக் கொடுத்தார். "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். அப்பா ஊர்ப் பேரைச் சொன்னார். "அதுல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அப்பா அதையும் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் வெற்றிலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "நேத்துதான் சார் ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துட்டேன், மறந்தே போச்சு பாருங்க" என்றார்.  திரும்பி வரும்போது அப்பா கடைத்தெருவில் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். அந்த வீடு அதற்குப் பிறகு இரண்டு வருஷம் பூட்டியே கிடந்தது. பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அந்தப் பூட்டைப் பார்ப்பேன்.

அப்படித்தான் நாங்கள் மெயின் ரோட்டுக்கு வந்தோம். மெயின் ரோட்டில் யாரும் எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. அங்கே யாருக்கும் குடியிருக்க ஆசை இல்லை, அதனால் வருகிறவர்களிடம் கேள்வியும் இல்லை. மாயவரத்திலிருந்து கும்பகோணம் போகிற சாலை எங்கள் ஊருக்குள் ஒரு இடத்தில் சட்டென்று மடங்கும். அந்த மடக்கில் இருந்ததால் அதற்கு முக்கு வீடு என்று பெயர். எதிரே வருவது தெரியாது என்பதால் ஒவ்வொரு பேருந்தும் லாரியும் வீட்டு வாசலில் ஹாரன் அடித்துத்தான் திரும்ப வேண்டும். உரக்கடைக்காரர் ஒருவருக்குச் சொந்தம். அவர் கும்பகோணத்துக்குக் குடிபோகிறார் என்று விற்க வந்தார்.

"சத்தம் ஒரு வாரத்துல பழகிடும் வாத்தியாரே" என்றார் அவர். "அப்புறம் சத்தம் இல்லேன்னாத்தான் உங்களுக்குத் தூக்கம் வராது."

வீடு என்னவோ நல்ல வீடு. சிமெண்டுத் தரை, முன் அறையில் ரோட்டைப் பார்த்து இரண்டு பெரிய ஜன்னல், பின்கட்டில் உறை இறக்கிய கிணறு. சுவரில் நீல நிறத்தில் சுண்ணாம்பு. ஆனால் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் மை மாதிரிக் கரி ஒட்டும். டீசல் வாடையும் உர மூட்டை வாடையும் சேர்ந்து ஒரு மாதிரிக் காந்தலாக இருக்கும். அம்மா உள்ளே நுழைந்தபோதே ஒரு பேருந்து திரும்பியது. அலமாரியில் இருந்த கண்ணாடிக் கதவு கிலுகிலுவென்று ஆடியது.

"பஸ்ஸு வீட்டுக்குள்ள வந்து திரும்புற மாதிரி இருக்குங்க" என்றாள் அம்மா. "புள்ளைங்க எப்படிப் படிக்கும், எப்படித் தூங்கும்? வாசல்ல கால வச்சா ரோடு. சின்னது ஒரு இடத்துல நிக்கிறதில்ல. எனக்கு வேண்டாம்."

அப்பா சண்டை போடுகிற ஆள் இல்லை. எதையும் செய்து பார்த்து முடிவுக்கு வருவார். அப்போது லெந்து நாட்கள் வந்துவிட்டன. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்களும் எங்களில் நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டார்கள், கிரயம் பண்ணுவதும் கூடாது. எப்படியும் காத்திருக்க வேண்டிய நாட்கள்தானே என்று அப்பா உரக்கடைக்காரரிடம் சாவியைக் கேட்டு வாங்கினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நேரே முக்கு வீட்டுக்குப் போவது. மத்தியானம் அங்கேயே பாயை விரித்துப் படுத்து, தூங்க முடிகிறதா என்று பார்ப்பது. முடியவில்லை என்றால் விட்டுவிடுவது. அம்மாவும் அதற்குச் சம்மதித்தாள். யாராலும் தூங்க முடியாது என்று அவளுக்குத் தைரியம்.

எனக்கு அந்த வீடு வேண்டும். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. வகுப்பில் "உங்க வீடு எங்கடி இருக்கு?" என்று கேட்டால் "கோயிலுக்குப் பின்னாடி" என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னதும் எதிரே இருப்பவள் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொள்ளும். "மெயின் ரோட்டுல, பஸ்ஸு திரும்புற முக்குல" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். குளிக்கும்போது, நடக்கும்போது, கோயிலில் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போதுகூட. அந்த இடது ஜன்னலுக்குக் கீழே எனக்கு ஒரு மேஜை போட்டுத் தருவதாக அப்பா சொல்லியிருந்தார்.

தங்கையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய ஐப்பசியில் அவளுக்கு மணல்வாரி போட்டிருந்தது. அம்மை இறங்கிய பிறகு இரண்டு காதிலும் சீழ் வந்தது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை அம்மா வெதுவெதுப்பாக விட்டாள். சீழ் நிற்கும், வரும், நிற்கும். அப்போதெல்லாம் காதில் சீழ் வராத குழந்தை எந்த வீட்டில் இருந்தது, சொல்லுங்கள். அதற்கு முன்பு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் அடங்கிப்போனாள். "அம்மை போட்டு எந்திரிச்சதும் புள்ளைக்கு என்னா பொறுமை வந்துடுச்சு பாரு" என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அம்மாவுக்கும் பெருமைதான். கிறிஸ்துமஸில் சின்னப் பிள்ளைகளோடு பாட நிறுத்தினோம். அவள் பக்கத்துப் பிள்ளைகளின் வாயையே பார்த்துக்கொண்டு ஒரு நொடி பிந்திப் பிந்திப் பாடினாள். கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தயிர்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும். சாப்பிட்டுவிட்டு முன் அறையில் கோரைப்பாயை விரித்து நாலு பேரும் வரிசையாகப் படுத்தோம். டாணென்று ஒரு மணிக்கு மாயவரம் வண்டி வந்து அடித்தது பாருங்கள், நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார், நெற்றி நரம்பு புடைத்திருந்தது. அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் முகத்தில் ஜெயித்த களை. பத்து நிமிஷத்துக்கு ஒன்று போய்க்கொண்டே இருந்தது. நெல் ஏற்றிய லாரி போனால் தரை வழியாக முதுகெலும்புக்கே வரும். தங்கை மட்டும் ஒருக்களித்து, வாயைப் பிளந்து, அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். நாலு மணிக்கு நாங்கள்தான் எழுப்பினோம்.

"பாத்தியா?" என்றார் அப்பா.

"ஒரு நாள் தூங்குவா. அலுப்பா இருந்திருக்கும்" என்றாள் அம்மா.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் ஹாரன் வரும்போது காதைப் பொத்திக்கொள்ளப் பழகியிருந்தோம். பேருந்து மடக்குக்கு வருகிற உறுமல் கேட்டதும் கை தானாகப் போகும். தங்கை எங்களைப் பார்த்துவிட்டு அவளும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள், சிரித்தாள். அப்பா வாய்விட்டுச் சிரித்து, "இதுக்கும் ஒரு விளையாட்டு ஆயிடுச்சு" என்றார். நான் கவனித்தேன். ஒரு தடவை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் கட்டையில் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தாள். பேருந்து அடித்துவிட்டுப் போனது. அவள் பொத்தவில்லை. விளையாட்டு அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது. அன்றும் அவள் தூங்கினாள். அன்று அப்பாவும் ஒரு கால் மணி நேரம் குறட்டை விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா, "சீழ் வர்ற காது, இந்தத் தூசியில இன்னும் மோசமாகும்" என்று இன்னொரு காரணம் எடுத்தாள். அப்பா நின்றுவிட்டார். "நீ மொதல்ல சத்தம்னே. அப்புறம் ரோடுன்னே. இப்பத் தூசிங்கறே. வேண்டாம்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டுக் காரணத்தை ஒண்ணொண்ணாத் தேடுறே" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அம்மா அதற்குப் பிறகு அந்த வாரம் முழுவதும் வீட்டைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் பங்குனி பிறந்துவிட்டது. வயலில் உளுந்து பிடுங்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் பக்கம் உளுந்துக்குத் தனியாகக் களம் தேட மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். செடியைக் கொண்டுவந்து தார்ரோட்டில் பரப்பிவிட்டு ஓரமாகக் குந்திக்கொள்வார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்து, நெத்து என்கிற காய்ந்த காயை உடைத்துக் கொடுக்கும், சாயங்காலம் கூட்டி அள்ளித் தூற்றிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு முக்கு வீட்டு வாசலில் தொடங்கி அந்தக் கோடிவரை உளுந்துச்செடி கிடந்தது. காய்ந்த செடி வாடையும் அதன்மேல் சக்கரம் ஏறுகிற மொறுமொறுச் சத்தமுமாக அந்தச் சாலையே வேறு மாதிரி இருந்தது.

சாப்பிட்டதும் அப்பா, வில்லங்கச் சான்றைப் பார்க்க வேண்டும் என்று உரக்கடைக்காரரைத் தேடிப் போனார். அம்மா பாத்திரம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். என்னைத் தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் இடது ஜன்னலுக்குக் கீழே மேஜையை எப்படிப் போடுவது என்று கையால் சாண் வைத்து அளந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது.

அவள் நடுரோட்டில், செடிக்கு மத்தியில் குந்தி உட்கார்ந்திருந்தாள். கவுனை மடியாகப் பிடித்துக்கொண்டு உடையாத நெத்தாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். மடக்கில் ஹாரன் கேட்டது. கும்பகோணம் வண்டி. டிரைவர் கையை எடுக்காமல் அடித்தார். ஓரத்தில் குந்தியிருந்த இரண்டு பெண்கள் எழுந்து, "ஏ புள்ள, ஏ புள்ள" என்று கத்தினார்கள். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த நெத்தை எடுத்தாள். நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. கையைப் பிடித்து இழுத்ததில் அவள் முட்டி தாரில் உரசியது. பேருந்து செடியில் கொஞ்சம் வழுக்கி, கோணலாக நின்றது. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "புள்ளைய வளக்குறீங்களா, ரோட்டுல மேய விடுறீங்களா?" என்று கத்திவிட்டு விசில் கொடுத்தார்.

"ஏன் இழுத்தே? என் நெத்து கொட்டிப்போச்சு" என்று தங்கை அழுதாள். என்னை அடித்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, நின்றுகொண்டிருந்த பேருந்தைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள். அது எப்போது வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

உள்ளே தூக்கிவந்து கதவைச் சாத்தினேன். முட்டியைத் துடைத்தேன். அப்புறம் அவளைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்துவிட்டு, பின்னால் போய் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மெதுவாக, அப்புறம் சத்தமாக, அப்புறம் கையைத் தட்டினேன். அவள் கவுனில் ஒட்டியிருந்த செத்தையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பதினோரு வயதில் விளங்குவது அரைகுறையாக விளங்குவது என்று பிற்பாடு எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். பொய். முழுசாக விளங்கியது. ரோட்டுக்கு ஓடினாள் என்று சொன்னால் அம்மா அந்த நிமிஷமே சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிடுவாள். காது கேட்கவில்லை என்று சொன்னால் வைத்தியத்துக்குத் தஞ்சாவூர் போக வேண்டும், அப்புறம் வீடு என்ற பேச்சே இருக்காது. நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவளும் விரலை வைத்துக்கொண்டாள். பாயில் படுக்கவைத்தேன். அழுத அலுப்பில் உடனே தூங்கிவிட்டாள். முட்டி தெரியாமல் போர்வையை இழுத்துவிட்டேன்.

அப்பா வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. வில்லங்கம் ஒன்றும் இல்லை, பத்திரம் சுத்தமாக இருக்கிறது. அவர் செருப்பைக் கழற்றும்போதே ஒரு லாரி மடக்கில் அடித்துக்கொண்டு திரும்பியது. அப்பா தங்கையின் பக்கத்தில் மண்டிபோட்டுப் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா கிணற்றடியிலிருந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இமை ஆடுச்சா பாரு" என்றார் அப்பா மெல்லிய குரலில், அவளை எழுப்பிவிடக் கூடாது என்று. "மூணு வாரமும் பாத்தாச்சு. நமக்குத்தான் பழகல. புள்ளைக்குப் பழகிடுச்சு. அவளுக்காகத்தானே நீ பயந்தே?"

அம்மா தங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏண்டி, நீ என்ன சொல்றே?" என்று கேட்டாள். ஒருநாளும் அம்மா என்னிடம் அப்படி யோசனை கேட்டதில்லை.

"வாங்கலாம்மா" என்றேன்.

"சரி, வாங்கிடுங்க" என்றாள் அம்மா.

ஈஸ்டர் முடிந்து கிரயம் ஆயிற்று. போதகர் வந்து ஜெபம் செய்தார், பால் காய்ச்சினோம். பட்டா அப்பாவின் பெயருக்கு மாறி வந்த அன்று அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்தார். எனக்கு மேஜை வந்தது. வகுப்பில் ஒருத்தி வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, ஜன்னலில் நின்று பேருந்துக்கெல்லாம் கை காட்டினாள். அந்த இரண்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஜூனில் தங்கையை முதல் வகுப்பில் சேர்த்தார்கள். வயதைக் கூட்டிச் சொல்லித்தான், அப்போதெல்லாம் வாத்தியார் பிள்ளைகளுக்கு அது நடக்கும். மூன்றாம் நாளே டீச்சர் அவள் உள்ளங்கையில் பிரம்பால் அடித்தார். கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறாளாம், வாத்தியார் மகள் என்ற திமிராம். அப்பா வகுப்புக்கே போய், அவள் பின்னால் நின்று பெயரைச் சொன்னார். பிறகு டீச்சரின் பிரம்பை வாங்கி மேஜையில் ஓங்கி அடித்தார். முப்பது பிள்ளைகள் துள்ளித் திரும்பின, ஒன்றைத் தவிர.

தஞ்சாவூரில் காது டாக்டர், சீழ் உள்ளே போய் எலும்பை அரித்திருக்கிறது என்றார். வலது காது போய்விட்டது. இடதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதுவும் நிற்கும் என்று சொல்ல முடியாது. "மாசி, பங்குனியிலயாவது கொண்டாந்திருந்தா ஒரு காதைக் காப்பாத்தியிருக்கலாம்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அப்பா, "நான் மூணு வாரம் சோதிச்சுப் பாத்தேனே டாக்டர்" என்றார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அப்பா தங்கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் இடது காதில் வாயை வைத்துப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் உரக்க, எந்த அளவுக்குத் திரும்புகிறாள் என்று பார்த்துப் பார்த்து. கும்பகோணம் வரும்வரை நிறுத்தவில்லை. வண்டியில் எல்லாரும் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். 

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு வருஷம் சொல்லாமல் இருந்தால் அடுத்த வருஷம் சொல்வது இன்னும் கஷ்டம். அப்படியே கல்யாணம் ஆகி, தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். தங்கை படித்து ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தமும் நீரும் பார்க்கிற வேலைக்குப் போனாள். மைக்ராஸ்கோப்பைப் பார்க்கக் காது வேண்டாமே என்பாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். அந்த வீட்டிலேயே இருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டாள், அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அப்பா ஆசைப்பட்டபடி அவர் வாசலிலிருந்துதான் போனார். சாலையை அகலப்படுத்தியபோது முன் அறையில் பாதியை இடித்து எடுத்துக்கொண்டார்கள். இடது ஜன்னலும் அதோடு போனது.

போன மார்கழியில் அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். நான் போய்ப் பத்து நாள் தங்கியிருந்தேன். ஒரு காலை, அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், தங்கை எதிரே முறத்தில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு லாரி அடித்துக்கொண்டு திரும்பியது. அம்மா என்னிடம், எதையோ தொடர்வதுபோல, சொன்னாள்.

"அன்னைக்கு அவ ரோட்டுல ஒக்காந்திருந்தப்ப நான் கொல்லைக் கதவுகிட்டேருந்து பாத்துட்டேன். கத்தப் பாத்தேன், சத்தமே வரல. நீ இழுத்துட்டே. பின்னாடி நின்னு கைதட்டுனியே, அதையும் பாத்தேன்."

நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். "பாத்துட்டு ஏம்மா சொல்லல?"

"நான் சொன்னா உங்கப்பா நம்புவாரா? வீட்டைத் தடுக்க இன்னொரு காரணம் தேடுறேன்னுதான் நினைப்பாரு. முந்தின வாரமே அப்படிச் சொல்லிட்டாருல்ல. நீ சொன்னா நம்புவாரு. அதான் உன்னைக் கேட்டேன். நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"எனக்குப் பதினோரு வயசும்மா."

"எனக்கு முப்பத்து நாலு" என்றாள் அம்மா. "என்ன பண்ணச் சொல்றே இப்ப?"

எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே இறங்கியும்விட்டது. எண்பது தாண்டிய எலும்புக்கூட்டிடம் எதைப் போட்டு உடைப்பது. அம்பது வருஷத்துக்கும் மேலாக நான் ஒருத்தி மட்டும் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொருத்தியும் சுமந்தாள் என்று தெரிந்ததில் பாரம் குறையவில்லை.

அப்போதுதான் தங்கையின் கை நின்றிருப்பதைப் பார்த்தேன். அவள் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் போன அந்த வாயில் மற்றவர்களுக்குப் புரியாததுகூட அவளுக்குப் புரியும். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. 

"அப்பாவுக்கு?" என்று கேட்டாள், அவளுடைய உரத்த, ஏற்றம் இறக்கம் இல்லாத குரலில். "அப்பாவுக்குத் தெரியுமா?"

அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். அவளுக்குப் புரிய வேண்டும் என்று வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். "தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது."

தங்கை கையிலிருந்த காம்பைக் கீழே போட்டாள்.

"அப்ப சரி" என்றாள். அடுத்த கொத்தை எடுத்து உருவத் தொடங்கினாள்.

தை பிறந்து நாலாம் நாள் அம்மா போய்விட்டாள். அப்பாவுக்குத் தெரியாது என்று அவள் அன்றைக்குச் சொன்னது நிஜம்தானா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.